பயணப் பையிலிருந்து அடுப்படிக்கு

தீபாவளி முடிந்து பொங்கல் வரும்வரை எனக்கு வரும் கடிதங்களில் பாதி, ஊர் சுற்றி வாங்கி வந்த பொருட்களைப் பற்றி இருக்கும். மீதி, பலகாரம் ஏன் சரியாக வரவில்லை என்று கேட்பவை. இந்த இதழில் இரண்டையும் கலந்தே எடுத்துக்கொள்கிறேன். ஓர் ஊருக்குப் போனால் அடுப்படியிலோ கைவேலையிலோ உழைக்கப்போகிற ஒரு பொருளைத்தான் நான் தேடி வாங்குவேன். அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வைப்பதற்கென்று எதையும் வாங்குவதில்லை. என் பதில்களிலும் அந்தச் சாய்வு இருக்கும்.

அக்கா, ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போனபோது கோட்டாறு கடைத்தெருவில் அச்சு முறுக்கு அச்சு ஒன்று வாங்கினேன். கிறிஸ்துமஸுக்குச் செய்து பார்த்தால் மாவு அச்சை விட்டு விழவே மாட்டேன் என்கிறது. கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. கோளாறு அச்சிலா, மாவிலா?
— வாசகி, தூத்துக்குடி

எங்கள் ஊர்ப் பலகாரம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதலில் அச்சைப் பழக்குங்கள். புது அச்சை நன்றாகத் தேய்த்துக் கழுவி, அரிசி கழுநீரில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். மறுநாள் ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி இன்னொரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பழகிய அச்சுக்குப் பிறகு சோப்பே காட்டக் கூடாது. வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, எண்ணெய்ப் பசையோடு காகிதத்தில் சுற்றி வைத்தால் அடுத்த டிசம்பரில் எடுத்தவுடன் வேலை செய்யும்.

அடுத்தது சூடு. தொல்லை பெரும்பாலும் இங்கேதான். அச்சு எண்ணெய்க்குள்ளேயே கிடந்து சூடேற வேண்டும். முதல் முறுக்குக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு முறுக்குக்கும் முன்னால் அரை நிமிடமாவது எண்ணெயில் நிற்க வேண்டும். அச்சு ஆறியிருந்தால் மாவு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கழலாது. ரொம்பக் காய்ந்திருந்தால் மாவு அச்சில் பிடிக்காமல் நழுவிவிடும். மாவில் முக்கும்போது ‘சுர்’ரென்று மெல்லிய சத்தம் வந்தால் பதம் சரி. முக்குவதும் முக்கால் உயரம்தான். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் அது அச்சைச் சுற்றிப் பூட்டிக்கொள்ளும், அப்புறம் கத்தியால்கூட எடுக்க முடியாது.

எங்கள் தெருவில் டிசம்பர் பிறந்தால் நாலைந்து வீட்டுப் பெண்கள் ஒரே அடுப்பில் கூடிவிடுவார்கள். இரண்டு அச்சு வைத்திருப்பார்கள். ஒன்று முறுக்கோடு எண்ணெயில் இருக்கும்போதே இன்னொன்று பக்கத்தில் சூடேறிக்கொண்டிருக்கும். ஓர் அச்சே ஆறுவதற்கு வழி இல்லை. உங்களால் முடிந்தால் இன்னோர் அச்சு வாங்கிக்கொள்ளுங்கள், வேலை பாதியாகக் குறையும்.

மாவுக்கு என் அளவு இது. பச்சரிசி 2 கப், 3 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரம் லேசாக இருக்கும்போதே இடித்துச் சலித்தது. கெட்டித் தேங்காய்ப்பால் ஒன்றரைக் கப்பில் தொடங்கி, தேவையைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். சர்க்கரை அரை கப், ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் கறுப்பு எள். சர்க்கரை தேங்காய்ப்பாலில் முழுக்கக் கரைந்த பிறகுதான் மாவைச் சேர்க்க வேண்டும். தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்த்திருக்கட்டும். இனிப்பு போதவில்லை என்று சர்க்கரையைக் கூட்டினீர்களானால் முறுக்கு சீக்கிரம் கறுக்கும், அச்சிலும் பிடிக்கும். அரிசி மாவு அடியில் போய் உட்காரும் குணமுடையது. அதனால் நாலு முறுக்குக்கு ஒரு தடவை பாத்திரத்தை அடிவரை கலக்கிவிடுங்கள். முட்டை சேர்க்காதவர்கள் அரிசி மாவில் கால் பங்கைக் குறைத்து மைதா சேர்த்துக்கொள்ளலாம். மாவு சேர்ந்து பிடிக்கும். ஆனால் மொறுமொறுப்பு ஒரு படி குறைவுதான்.

எண்ணெயில் அச்சோடு இறக்கி, ஓரம் வெந்து பிரியத் தொடங்கும்போது மெல்ல ஆட்டுங்கள். விழாவிட்டால் ஈர்க்குக் குச்சியால் ஓரத்தைத் தொட்டுவிடுங்கள். கத்தி வேண்டாம். அச்சில் கீறல் விழுந்தால் அந்தக் கீறலில்தான் அடுத்த மாவு போய் ஒட்டும்.

ஃப்ரிட்ஜ் கதவு முழுக்கக் காந்த பொம்மையாகிவிட்டது. ஊர் ஊராக வாங்கியது. வீட்டில் திட்டுகிறார்கள். வேறு என்ன வாங்கலாம்?
— வாசகி, வேலூர்

கரண்டி வாங்குங்கள். போகிற ஊரில் கொட்டாங்குச்சி அகப்பையோ, மரத்துடுப்போ, பித்தளைக் கரண்டியோ ஏதாவது ஒன்று நிச்சயம் கிடைக்கும். விலை குறைவு, பையில் இடம் அடைக்காது, எது எந்த ஊரில் வாங்கியது என்று கை தானாகவே சொல்லும். கொட்டாங்குச்சி அகப்பையை முதல் நாள் தண்ணீரில் ஊறவைத்து, நாரெல்லாம் போகத் தேய்த்துவிட்டுப் பிறகு குழம்பில் போடுங்கள்.

கண்ணு, சேலத்துக்குப் போனப்ப ஆசையா ஒரு கல்சட்டி வாங்கிட்டு வந்தேன். வத்தக்குழம்பு வைக்கலாம்னு அடுப்பில் ஏத்தினா கொஞ்ச நேரத்தில் டப்புனு விரிசல் விட்டுருச்சு. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?
— வாசகி, ஈரோடு

அம்மா, அவரைச் சந்தேகப்பட வேண்டாம். அந்தச் சட்டி பழகாமல் அடுப்பேறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கல்சட்டி மாக்கல்லில் குடைந்து எடுப்பது. மாக்கல் மிக மென்மையான கல், நகத்தால் கீறினாலே கோடு விழும். புதுச் சட்டியில் ஈரம் தங்கியிருக்கும். அதைத் திடீரென்று பெருந்தீயில் வைத்தால் ஒரு பக்கம் சூடாகி விரிய, இன்னொரு பக்கம் குளிர்ந்தே இருக்க, நடுவில் பிளந்துவிடும்.

அடுத்தது வாங்கினால் இப்படிச் செய்யுங்கள். கல் தூள் போகக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து உள்ளும் புறமும் தடவி, வெயில் படாத இடத்தில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். பிறகு தினமும் சோறு வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றி, ஆறும்வரை விட்டுக் கொட்டுங்கள். ஒரு வாரம் இப்படி நடந்தால் வெளிறிய சாம்பல் நிறம் போய்க் கறுத்து வரும். அதற்கப்புறம்தான் அடுப்பு, அதுவும் முதல் தடவை தண்ணீர் மட்டும் ஊற்றிச் சிறு தீயில். காலிச் சட்டியை அடுப்பில் வைக்கவே கூடாது. சூடான சட்டியை ஈர மேடையில் இறக்கவும் கூடாது, பிரிமணையோ மடித்த துணியோ வேண்டும்.

வத்தக்குழம்பு நன்றாகக் கெட்டிப்படுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அடுப்பை அணைத்துவிடுங்கள். கல் சூட்டை விடாது, இறக்கிய பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். உலோகப் பாத்திரத்தின் கணக்கில் வைத்தீர்களானால் குழம்பு தொக்காகிவிடும்.

விரிசல் விட்ட சட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் மண் நிரப்பிக் கற்பூரவல்லி நடுங்கள். விரிசல் வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும், வேர் அழுகாது.

அக்கா, நான் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். போகும் ஊர்களின் பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட், கடை பில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் படம் வரைந்து வைப்பேன். போன வருஷம் ஒட்டியதெல்லாம் இப்போது வெறும் வெள்ளைக் காகிதமாக இருக்கிறது. லேமினேட் செய்தால் நிற்குமா?
— கல்லூரி மாணவி, திருச்சி

வேண்டாம் தங்கச்சி! கண்டக்டர் கையிலிருக்கும் மெஷினில் வரும் டிக்கெட் வெப்பத்தாள். அதில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு ஒன்று தாளின் மேல் இருக்கிறது, மெஷின் தேவையான இடத்தில் மட்டும் சுட்டு எழுத்தை உண்டாக்குகிறது. லேமினேட் செய்யும் மெஷினின் சூட்டில் முழுத் தாளும் கறுத்துப்போகும். வெளிச்சத்தில் வைத்தால் எழுத்து மங்கும், சிலவகைப் பசையும் பிளாஸ்டிக் உறையும்கூட எழுத்தைத் தின்றுவிடும். ஒரே வழி, ஊர் திரும்பிய வாரமே ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை ஒட்டுவது. அசலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு காகித உறைக்குள் போட்டுவிடு. முன்காலத்து வண்ண வண்ணத் தாள் டிக்கெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது அச்சடித்தது. வீட்டில் பெரியவர்கள் பழைய புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்தது கிடைத்தால் கேட்டு வாங்கிக்கொள்.

பசை பற்றி நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், நோட்டு நிலைப்பதும் அழிவதும் அதில்தான் இருக்கிறது. மைதா காய்ச்சிய பசை மலிவு, நன்றாகவும் ஒட்டும். ஆனால் புத்தகம் அரிக்கும் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. பைண்டிங் செய்கிறவர்கள் அதனால்தான் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், ஹாஸ்டல் அறையில் வேண்டவே வேண்டாம். குச்சிப் பசை போதும், அதையும் நாலு மூலையில் மட்டும் தொட்டு வை.

டிக்கெட் மட்டும் போதாது என்று தோன்றினால் அந்த ஊர் இலையையும் பூவையும் சேர்த்துக்கொள். மல்லிகை, முல்லை எல்லாம் பழுப்பாகிவிடும். காகிதப்பூவின் நிறம் மாதக்கணக்கில் நிற்கும், செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகங்களை அடுக்கினால் ஒரு வாரத்தில் தயார். அரச இலை கிடைத்தால் தண்ணீரில் போட்டு, நாலைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றிக்கொண்டே இரு. சில வாரத்தில் சதையெல்லாம் அழுகி நரம்பு மட்டும் நிற்கும். பழைய பல் பிரஷால் மிக மெல்ல நீவி எடுத்துக் காயவைத்தால், அதற்குப் பின்னால் வைத்த எழுத்துகூடத் தெரியும் அளவுக்கு மெல்லிய வலை உன் கையில் இருக்கும். நாற்றம் வரும், ஜன்னலுக்கு வெளியே வை. அறைத்தோழிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

ராமேஸ்வரம் கடற்கரையில் என் மகள் பவளப்பாறைத் துண்டுகளையும் சிப்பிகளையும் பொறுக்கி வந்தாள். அவற்றைப் பூந்தொட்டியில் அழகாக அடுக்க ஆசைப்படுகிறாள். எப்படிச் சுத்தம் செய்வது?
— வாசகி, மதுரை

சிப்பியை எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்கிறேன். பவளம் மட்டும் வேண்டாம். இந்தியாவின் பவளப்பாறைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பவை, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. எடுப்பதும் விற்பதும் குற்றம். கடற்கரைக் கடையில் யாராவது விற்றாலும் வாங்காதீர்கள்.

மகளிடம் சட்டத்தைச் சொல்வதைவிட இதைச் சொல்லுங்கள். பவளம் கல் இல்லை. ஊசிமுனை அளவுள்ள உயிர்கள் தங்களுக்காகக் கட்டிய வீடு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், 1986இல் அவை கடல் தேசியப் பூங்காவாயின. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று கடலுக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக் கற்களை வெட்டி எடுத்ததை அதற்குப் பெரிய காரணமாகச் சொல்கிறார்கள். அலையைத் தடுத்த சுவர் போனால் தீவு எப்படி நிற்கும்? பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும்.

சிப்பிகளிலும் சில இனங்களுக்கு இதே சட்டப் பாதுகாப்பு உண்டு. பெரிய சங்கு, வழவழப்பான பெரிய சோழி போன்றவற்றை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. கரையில் உடைந்து கிடக்கும் சாதாரணச் சிறு சிப்பிகளைச் சோப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, நிழலில் காயவையுங்கள். ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சிப்பியே சுண்ணாம்பு, கரைந்துவிடும்.

அடுத்த முறை கடலுக்குப் போகும்போது ஒரு டப்பாவில் உப்பு மாவு எடுத்துச் செல்லுங்கள். மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப்புக்குக் குறையாமல் விட்டுச் சப்பாத்தி மாவாகப் பிசைந்தால் போதும். சின்ன அடையாகத் தட்டி, பிடித்த சிப்பியை அழுத்தி எடுத்தால் வரிவரியாக அச்சு விழும். சிப்பியைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். வீட்டில் சில நாள் வெயிலில் காயவைத்து, துளை போட்டுக் கயிறு கட்டினால் கிறிஸ்துமஸ் மரத்திலும் தொங்கும், பொங்கலன்று வாசலிலும் தொங்கும். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் தடவையாகக் காரைக்குடி போகிறேன். பழம்பொருள் கடைகளில் என்ன வாங்கலாம்? அதிகம் செலவழிக்க முடியாது.
— வாசகி, சென்னை

முனீஸ்வரன் கோவில் தெருவில் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், பழம்பொருள் கடைகள் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. தூண், கதவு, கண்ணாடி விளக்கு என்று கண்ணைப் பறிக்கும், விலையும் அப்படியே. நீங்கள் தரையில் குவித்திருக்கும் சாமான் பக்கம் உட்காருங்கள்.

எனாமல் பாத்திரங்கள் நிறையக் கிடைக்கும். நகரத்தார் பெண் பிள்ளைகளுக்குச் சீராகக் கொடுக்க வெளிநாட்டிலிருந்து வாங்கி அடுக்கியவை, சுவீடன், ஜப்பான் என்று அடியில் முத்திரையே இருக்கும். பூச்சு பெயர்ந்திருந்தால் அதில் சாப்பாடு வைக்காதீர்கள். கரண்டி நிறுத்தி வைக்கவும் நூல்கண்டு போடவும் அதைவிட அழகான பாத்திரம் கிடையாது.

என் தேர்வு பழைய மர முறுக்கு உழக்கு. கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள், உள்தடி ஆடாமல் இறங்க வேண்டும். மரத்தில் புழுத்துளை இருக்கக் கூடாது, அச்சுத் தட்டுகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி வாங்க வேண்டும். வரிவரியாக நாடா விழும் தட்டு இருந்தால் விடாதீர்கள், சீப்புச் சீடைக்கு அதுதான் வேண்டும். வீட்டுக்கு வந்து வெந்நீரில் கழுவி, காயவைத்து, நல்லெண்ணெய் தடவிவிட்டால் தேன்குழல் முதல் ஓமப்பொடி வரை எல்லாம் பிழியலாம்.

அங்கிருந்து ஆத்தங்குடி பக்கம்தான். கண்ணாடியின் மேல் சாயம் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, கையாலேயே ஓடு செய்வதைப் பார்க்கலாம். பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். தரைக்கு வாங்க வேண்டியதில்லை. ஒரே ஒரு ஓடு கேட்டு வாங்கி, அடியில் துணி ஒட்டினால் சூடான பாத்திரம் இறக்கும் பலகையாகிவிடும். எலுமிச்சையும் புளியும் சிந்தினால் உடனே துடையுங்கள், சிமெண்டில் கறை பிடிக்கும். அவ்வப்போது இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் பளபளப்பு கூடிக்கொண்டே போகும்.

அண்ணன் டெல்லியில் வேலையில் இருக்கிறார். பொங்கலுக்கு வர முடியாதாம். பார்சலில் அனுப்பினால் உடையாத, கெடாத இனிப்பு ஒன்று சொல்லுங்கள்.
— வாசகி, கோவை

முந்திரிக்கொத்து. பெயரைப் பார்த்து முந்திரிப்பருப்பு வாங்கிவிடாதீர்கள், இது பாசிப்பயற்றில் செய்வது. குமரி மாவட்டத்தில் தீபாவளி, கிறிஸ்துமஸ் எதுவானாலும் இது உண்டு.

அரை கிலோ முழுப் பாசிப்பயற்றை வாசம் வரும்வரை நிதானமாக வறுத்து, தோல் புடைத்து, லேசான கரகரப்போடு பொடித்துக்கொள்ளுங்கள். ஒரு தேங்காயைத் துருவி, சிறு தீயில் பொன்னிறமாக, கையில் எடுத்தால் உதிரும்வரை வறுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். தேங்காயில் ஈரம் நின்றால் பார்சல் டெல்லி சேர்வதற்குள் சிக்கு வாடை வந்துவிடும். வறுத்த எள் 2 ஸ்பூன், சுக்கு, ஏலக்காய். கருப்பட்டி 400 கிராம் முதல் அரை கிலோ வரை. கரைத்து வடிகட்டியே தீர வேண்டும், அடியில் மண் நிற்கும். பாகு காய்ச்சி, தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதத்தில் எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் நெல்லிக்காய் அளவு உருட்டுங்கள். ஆறினால் உதிரும், ஆகவே உருட்ட இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உருண்டைகளை ஓர் இரவு காற்றாட விட்டு, மறுநாள் பச்சரிசி மாவில் மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துக் கெட்டியாகக் கரைத்து, மும்மூன்றாக முக்கித் தேங்காய் எண்ணெயில் பொரியுங்கள். மூன்றும் ஒட்டிக் கொத்தாக வரும். மேல்மாவு வெந்தால் போதும், உள்ளே ஏற்கெனவே பக்குவமானதுதான். முழுதாக ஆறிய பிறகே டப்பாவில் அடுக்க வேண்டும். இடைவெளி விழுந்த இடத்திலெல்லாம் காகிதத்தைச் சுருட்டி அடைத்துவிடுங்கள், குலுங்காமல் போய்ச் சேரும். பத்து நாளுக்கு ஒன்றும் ஆகாது.

எங்கள் கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய் பரணில் சுருட்டியே கிடந்தது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. துவைக்கலாமா?
— வாசகி, தென்காசி

துவைக்க வேண்டாம். உலர்ந்த துணியால் பூஞ்சையை வெளியில் வைத்துத் துடைத்தெடுங்கள். பிறகு வெந்நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கோரையின் போக்கிலேயே ஒரு தடவை துடைத்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் விரித்துப் போடுங்கள். நேர் வெயில் பட்டால் சாயம் வெளுக்கும், கோரை முறியும்.

அதற்கப்புறம் பரணில் ஏற்றாதீர்கள். தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்து, முடி அளவுக்குக் கிழித்து, நூலில் கோத்து நெய்த பாய் அது. தினமும் விரித்துப் படுத்தால் காற்றுப் பட்டுக்கொண்டே இருக்கும், பூஞ்சை வராது. ஓரம் கிழிந்தால் பருத்தித் துணி வைத்துத் தைத்துவிடுங்கள். இந்தப் பொங்கலுக்கு வடகம் காயப்போட மட்டும் அதை எடுத்துவிடாதீர்கள், அதற்கு முரட்டுக் கோரைப் பாய் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.